முகம் காணாத வழியனுப்பல்

கனடாவில் இறந்த என் தம்பி கனகேந்திரனின் கிரியைகளைப் பார்க்க, இணுவிலில் எங்கள் உறவினர் எல்லோரும் தொலைக்காட்சியின் முன் கூடியிருந்தோம். அங்கே வாய்க்கரிசி போடும்போது, மூத்தவனான நானும் திரையில் தெரியும் அவன் முகத்துக்குப் போடுவதாக ஏற்பாடு.

இணைய வேகம் போதாமல் படம் நின்று நின்று வந்தது. திடீரென அரைகுறை உடுப்போடு ஒருத்தி ஆடினாள். சூதாட்ட விளம்பரம்.

"சபைக்கு முன்னாலை என்ன கூத்து இது? நிப்பாட்டு!"

"கொஞ்சம் பொறுங்கோ அப்பா, தானாப் போயிடும்," என்றாள் மகள் உதயகலா.

"உவளின்ரை ஆட்டத்தோடையோ என்ரை தம்பியை அனுப்புறது? நிப்பாட்டெண்டா நிப்பாட்டு!"

நிறுத்தினாள். மறுபடி இணைப்புக் கிடைத்தபோது அங்கே சவப்பெட்டியை மூடியிருந்தார்கள்.

மூடிய பெட்டிக்குத்தான் அரிசி போட்டேன்.