அறுபதரை அடி

சென்னையில் போட்டி நடந்த கல்லூரி மைதானத்தில் அங்குள்ள மார்க்கர் எஃகு டேப்பை இழுத்துப் பிடித்து, "அறுபதரை அடி, சரியா கீது" என்று சொன்னபோது உதவிக்கு நின்ற என் கையிலிருந்த சுண்ணாம்புச் சட்டி நழுவிக் கீழே விழுந்தது. பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வீசுகிறவன் காலூன்றும் பலகைக்கும், மட்டை பிடிப்பவன் நிற்கும் இடத்துக்கும் நடுவே இருக்கவேண்டிய தூரம் அது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் எங்கள் கல்லூரி மைதானத்தில் நான் வைத்திருந்த தூரம் அறுபத்தாறு அடி.

நானும் மார்க்கர்தான். பெயர் மாரி. கோடு போடுவது, வலை கட்டுவது, பந்துக்குக் காற்றடிப்பது என் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் உடற்கல்வி இயக்குநர் தேவநாதன் சார் பதினைந்து நாள் முகாமுக்குப் போய் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்தார். கபடிக்கும் வாலிபாலுக்கும் ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள், இதில் நாம்தான் முதல் என்று அவருக்கு ஒரே பூரிப்பு. அளவுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். பழைய கிரிக்கெட் பிட்சின் ஒரு முனையில் மட்டைக்காரன் இடத்தை வைத்து, அங்கிருந்து நாலு மூலைகளையும் டேப் பிடித்து ஒழுங்காகத்தான் அளந்தேன். பலகை ஒன்றுதான் பாக்கி. வெயில் மண்டையைப் பிளந்தது. பந்து போடுகிற ஆட்டத்துக்கெல்லாம் ஒரே தூரம்தானே இருக்கப்போகிறது என்று, எதிர்முனையில் ஸ்டம்ப் இருந்த குழியிலேயே பலகையைப் புதைத்துவிட்டு நிழலுக்குப் போய்விட்டேன். மார்க்கர் போட்ட கோட்டை மாஸ்டர் மறுபடி அளக்கும் வழக்கம் கிடையாது, அளந்தால் மார்க்கருக்கு மரியாதைக் குறைவு. சார் அளக்கவில்லை.

மூன்று வருஷமும் வெளியே மோத ஆள் கிடைக்காமல் எங்கள் பையன்கள் இரண்டாகப் பிரிந்து தங்களுக்குள்ளேயே ஆடினார்கள். 1991 ஆகஸ்டில் நடந்த இந்தப் போட்டிதான் முதல் பயணம். ஐந்து வருஷமாகத் தற்காலிகப் பணியில் கிடந்த சாரிடம், இதில் பெயரோடு திரும்பினால் வேலையை நிரந்தரமாக்குவதாகத் தாளாளர் சொல்லியிருந்தார்.

டேப்பைப் பார்த்தபோது மணி ஒன்பது, ஆட்டம் பத்து மணிக்கு. சார் பத்தடி தள்ளி நின்று பையன்களுக்கு வாழைப்பழம் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எதிரணிப் பையன் ஒருவன் என்னிடம் எந்த ஊர் என்று கேட்டான். சொன்னேன். வாயடைத்துப் போனான். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டால் எல்லாரும் அப்படித்தான் ஆகிறார்கள். நான் சாரிடம் போகவில்லை. ஐந்தரை அடியில் என்ன குடி முழுகிவிடும் என்று என்னையே ஏய்த்துக்கொண்டேன். எனக்குப் பயம், வேறொன்றும் இல்லை.

முதலில் எங்கள் லோகேஷ் வீசிய பந்தெல்லாம் தலைக்கு மேலே போயின. சார் ஓரத்திலிருந்து "பதறாதடா" என்றார். அடுத்து எங்கள் முறை வந்தது. வல்லக்கோட்டை வசந்த் மட்டையோடு போனான். அணியிலேயே கண் கூர்மையானவன். முதல் பந்துக்கு அவன் மட்டையைச் சுழற்றும் முன்பே அது பின்னால் இருந்தவன் கையுறைக்குள் போய்விட்டது. வசந்த் திரும்பி அந்தக் கையுறையையே பார்த்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இரண்டாவது பந்து அவன் உடம்பை நோக்கி வந்தது. எங்கள் மைதானமாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள நேரம் இருந்திருக்கும். ஹெல்மெட் விளிம்புக்குக் கீழே இடது கண்ணில் அடித்தது. ஈரத்துணியைக் கல்லில் அறைந்த மாதிரி ஒரு சத்தம். சார் நின்ற இடத்தில் நின்றபடியே இருந்தார். நான்தான் ஓடினேன். சுண்ணாம்புக் கையோடு அவனைத் தொடவும் பயந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கண் போய்விட்டது.

கல்லூரியில் விசாரணை வைத்தார்கள். பயிற்சியில் குறை என்றால் சாருக்கு வேலை இல்லை. தான் கற்றுக்கொடுத்ததில் பிசகில்லை, பையன்தான் பயந்து நின்றுவிட்டான் என்றார் சார். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார். நான் வசந்தைப் பார்க்க அவன் வீட்டுக்குப் போனபோது அவனுடைய அம்மா சந்திரம்மாள் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

"இவன்தான் மெத்தனமா நின்னுட்டானாமே. சாரு மேல ஒண்ணும் இல்லன்னு எழுதி கையெழுத்து போட திங்கக்கெழம காலேஜுக்கு வரான்."

மோரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

திங்கட்கிழமை காலை மைதானத்தில் சாரைப் பிடித்தேன்.

"சார், நம்ம பலகை தப்பா கீது. அஞ்சரை அடி பின்னால. நாந்தான் அளக்காம பொதைச்சேன். மெட்ராசுலயே தெரிஞ்சிப் போச்சு, ஆட்டத்துக்கு முன்னாடியே."

சார் சிரிக்கப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்து டேப்பைப் பிடுங்கித் தானே அளந்தார். நம்பாமல் மறுமுனையிலிருந்து இன்னொரு தடவை அளந்தார். என்னை நாலு அறை அறைந்திருந்தால் தேவலாம். அவர் குந்தி உட்கார்ந்து பலகையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"முகாம்ல நானே அறுபதரை அடியில நின்னு போட்டவன்தான். மூணு வருஷமா தெனம் இதைப் பாத்துக்கிட்டு நின்னேனே, மாரி."

ஆபீஸ் பக்கமிருந்து வசந்த் வந்துகொண்டிருந்தான். கண்ணில் கட்டு. கையில் தட்டச்சு செய்த தாள்.

"கையெழுத்து போட சொல்லி குடுத்தாங்க சார். அதுக்கு முன்ன ஒரே ஒரு பந்து போடுங்க. மெதுவா போட்டா போதும். எங்க பிசகினேன்னு பாத்துக்கினு போட்டுடறேன்."

தாளை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, கூடையிலிருந்து ஒரு மட்டையை எடுத்துப்போய்த் தன் இடத்தில் நின்றான். சார் ஒரு பந்தை எடுத்துக்கொண்டு பலகையில் காலூன்றினார். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவர் பலகையை விட்டு இறங்கி முன்னால் வந்திருந்தார். ஓர் எட்டு, இன்னோர் எட்டு. டேப்பில் அறுபதரை அடி காட்டிய இடத்தில் நின்றார்.

வசந்த் வலது கண்ணால் பார்ப்பதற்காகத் தலையைச் சாய்த்தான்.

"இன்னா சார், இவ்ளோ கிட்ட வந்துட்டீங்க."

பந்தோடு பாதி உயர்ந்த சாரின் கை அப்படியே நின்றது. வசந்த் அவர் கால்களைப் பார்த்தான். தரையில் கிடந்த டேப்பைப் பார்த்தான். அவருக்குப் பின்னால் தள்ளியிருந்த பலகையைப் பார்த்தான். அவன் மட்டை மெல்லத் தாழ்ந்து மண்ணைத் தொட்டது.