வலது கன்னத்து வெயில்

முத்தியால்பேட்டையில் ஜாஸ்லின் அக்கா நடத்தும் பியூட்டி பார்லருக்கு எந்தப் புதுச் சரக்கு வந்தாலும், அது முதலில் ஏறுவது பூர்ணிமாவின் முகத்தில்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். அக்கா கேட்டுச் செய்ததும் இல்லை, இவள் மறுத்ததும் இல்லை. ஆள் வராத மத்தியான நேரத்தில், "பூர்ணி, செத்த உக்காரு" என்பாள் அக்கா. இவளும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். உண்மையைச் சொன்னால் அதில் ஒரு சுகமும் இருந்தது. காலையிலிருந்து நின்றே கிடக்கும் காலுக்கு அது ஒன்றுதான் ஓய்வு.

அந்த மாசி மாதம் பார்லரில் பேச்சு முழுக்கச் செத்த தோலை எடுப்பது பற்றித்தான். அதுவரைக்கும் அக்ரூட் ஓட்டுப் பொடி கலந்த ஸ்க்ரப்பைப் போட்டுத் தேய்த்து விடுவதோடு சரி. பிரான்சிலிருந்து லீவுக்கு வருகிற அம்மாக்கள் அதையே 'கொம்மாஜ்' என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். இப்போது கல்யாணப் பெண்களுக்கு அது போதவில்லை. ஒருத்தி பீலிங் இருக்கிறதா என்றாள். பழத்திலிருந்து எடுத்ததாகச் சொல்லும் ஆசிட்டைப் பூசி, சற்றுப் பொறுத்துக் கழுவிவிட்டால் மேல்தோல் தானாக உரிந்து வருமாம். இன்னொருத்தி மெஷின் இருக்கிறதா என்றாள். பேனா மாதிரி ஒரு குழாய், முனையில் வைரத் துகள்; அதை முகத்தில் இழுக்க இழுக்க, தேய்த்த தோலை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். மெஷின் விற்கும் கலியபெருமாள் ஒன்றைக் கொண்டுவந்து, "வச்சிப் பாருங்க, புடிச்சா எடுத்துக்குங்க" என்று விட்டுவிட்டுப் போயிருந்தார்.

"எது தேவலைன்னு நாமளே பாத்துடலாம் பூர்ணி" என்றாள் ஜாஸ்லின் அக்கா. "வலது பக்கம் பீலிங், இடது பக்கம் மெஷின். ஒரே மூஞ்சி, ஒரே தோலு. அப்பதான் நியாயமா இருக்கும்."

பூர்ணிமா உட்கார்ந்தாள். வலது கன்னம் எறும்பு கடித்தாற்போலச் சுருக்சுருக்கென்றது. இடது கன்னத்தைப் பூனை நக்குவது போலிருந்தது. நடுவில் அவள் தூங்கிவிட்டாள்.

சாயங்காலம் வண்டியோடு வந்த அவள் புருஷன் ராஜவேல் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாடி ஒரு பக்கம் செவந்து கெடக்கு?" என்றான்.

"பீலிங்."

"யாருக்குத்தான் பீலிங் இல்ல? ஏறு."

ராஜவேலுக்குத் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில், ஐஸ் கம்பெனியில் ராத்திரி வேலை. பாளம் பாளமாகப் பனிக்கட்டியை உடைத்துப் படகுக்கு ஏற்றிவிட்டு, காலையில் தூங்காத கண்ணோடு இவளைக் கொண்டுவந்து விடுவான். சாயங்காலம் வீட்டில் இறக்கிவிட்டு மறுபடி வேலைக்குப் போவான். போகும்போதும் வரும்போதும் பூர்ணிமா இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, இடது கன்னத்தை அவன் முதுகில் ஒட்டவைத்துக்கொண்டு தூங்கிவிடுவாள். "உழுந்துடப் போற" என்று அவன் அவ்வப்போது தோளைக் குலுக்குவான். அவனும் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் ஓட்டுவான்.

ஒரு வாரம் போனது. இடது கன்னம் கழுவி வைத்த திராட்சை மாதிரி ஆயிற்று. வலது கன்னம் பொருக்குப் பொருக்காக உரிந்து, பிறகு தோசைக் கருகல் போல் ஒரு திட்டு விழுந்தது. துண்டு பட்டால்கூட எரிந்தது.

"முடிஞ்சுது போ, மெஷின்தான்" என்றாள் ஜாஸ்லின் அக்கா, அவள் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து. "பீலிங்கத் தூக்கிப் போட்டுடலாம். நீ ஒண்ணும் கவலப்படாத. நாளைக்கு அந்தக் கருப்பு மேல மெஷின நாலு இழுப்பு சேத்து இழுத்தா அதுவும் வந்துடும்."

பூர்ணிமா தாடையை அவள் பிடியிலிருந்து விலக்கிக்கொண்டாள். வாய் மட்டும் பழக்கத்தில் "சரிக்கா" என்றது.

அன்றைக்குத் திரும்பும்போது அவளுக்குத் தூக்கம் வரவில்லை. திட்டு விழுந்த இடம் நெருப்பாக எரிந்தது. கண்ணைத் திறந்தால், மேற்கே இறங்குகிற வெயில் நேராக அந்தக் கன்னத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. காலையில் கடல் பக்கத்து வெயிலும் இந்தக் கன்னத்தில்தானே விழுந்தது என்று யோசித்தாள். வேலைக்கு வடக்கே போனால் கிழக்கு வெயில், வீட்டுக்குத் தெற்கே திரும்பினால் மேற்கு வெயில். இரண்டுக்கும் காட்டிய கன்னம் ஒன்றேதான். இன்னொரு கன்னம் இந்த ஒரு வாரமும் ராஜவேலின் முதுகு நிழலில் சொகுசாக இருந்திருக்கிறது.

மறுநாள் மத்தியானம் அக்கா நாற்காலியில் துண்டை விரித்தாள். "உக்காரு பூர்ணி."

பூர்ணிமா நின்றுகொண்டே இருந்தாள். "ஜெயிச்சது மெஷின் இல்லக்கா. எங்க வூட்டுக்காரரு முதுகு."

"இன்னாடி உளர்ற?"

வண்டியையும் ரோட்டையும் வெயிலையும் அவள் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். அக்கா முதலில் சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றுபோனது.

"இத மொதல்லயே சொல்றதுக்கின்னாடி?"

"எனக்கே நேத்துதாங்க்கா தெரிஞ்சுது. ப்ளீச் போட வர்றவங்களுக்கெல்லாம் வெயில்ல போகாதீங்க, வெயில்ல போகாதீங்கன்னு நான்தான் சொல்லி அனுப்புறேன். எனக்கு யாரும் சொல்லல. நானும் எனக்குச் சொல்லிக்கல."

அக்கா மெஷின் பேனாவைத் தன் மணிக்கட்டில் வைத்து லேசாக இழுத்துப் பார்த்தாள். "அப்ப இது கணக்குல சேராது. ஆறினப்புறம் பக்கத்த மாத்தி இன்னொரு வாட்டி..."

"என் மூஞ்சில வேணாங்க்கா."

சொல்லிவிட்டாள். வேலை போனாலும் போகட்டும் என்கிற தைரியம் ஒன்றும் அவளுக்கு இல்லை. அந்தக் கன்னம் இனி ஒன்றையும் தாங்காது, அவ்வளவுதான். அக்கா மெஷின் பேனாவைக் கீழே வைத்தாள்.

"வேணாம்னா வேணாம். அதுக்கு ஏன்டி அழற?"

"அழலக்கா. எரியுது."

ஜாஸ்லின் அக்கா விரித்த துண்டை எடுத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். அதை அவளிடம் நீட்டினாள்.

"கலியபெருமாள் வந்து கேட்டா இன்னாக்கா சொல்றது?"

"அவரு மூஞ்சில போட்டுப் பாத்துட்டுச் சொல்றோம்னு சொல்லு." அக்கா மெஷினின் வயரைப் பிடுங்கிச் சுருட்டினாள். பிறகு, வருகிறவர்களிடம் பேசுகிற அதே குரலில், "கண்ட நேரத்துல வெயில்ல போகாத. காலையில மொகத்த மூடிக்கினு வா. சாயங்காலம் பொழுது எறங்கினப்புறம் கெளம்பு" என்றாள்.

ராஜவேல் வெளியே வண்டி மேல் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்தான். பொழுது சாய்ந்த பிறகுதான் பூர்ணிமா இறங்கி வந்தாள்.

"கம்பெனில கத்தப் போறான். இம்மா நேரம் இன்னா பண்ண?"

"வெயில் தாழட்டும்னு இருந்தேன்."

வண்டி நகர்ந்தது. அவள் அன்றைக்கு முகத்தை மாற்றித் திருப்பி, வலது கன்னத்தை அவன் முதுகில் வைத்தாள். சட்டைத் துணி உரசியதில் சுரீரென்று எரிந்தது. எடுக்கவில்லை.

"இன்னாடி, இன்னிக்கி அந்தப் பக்கம் சாயுற?"

"இதுக்கும் கொஞ்சம் நெழல் வேணாமா?"

"அதான் வெயிலே இல்லியே."

"இல்லாட்டி போவட்டும். நீ ஓட்டு" என்றாள் பூர்ணிமா, கண்ணை மூடிக்கொண்டே.