பாரம் தாங்கிய தரை

“அப்பிடி ஒண்டையும் நான் கடல்ல காணல்ல தங்கச்சி” என்று ஸுஹைர் நானா சொன்னபோது, அவருடைய கோழிகள் முற்றத்தில் எங்கள் கருவியின் மஞ்சள் மூடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. மூடியில் என்னுடைய தொலைபேசி இலக்கம்கூட அழியாமல் இருந்தது. நான் கோழிகளைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு இருவருமே பார்க்காதது போல இருந்துவிட்டோம்.

கடலடியில் பத்து மாதம் கிடந்து நில அதிர்வுகளைப் பதிந்த கருவி அது. குறித்த நாளில் தானாக அவிழ்ந்து மேலே மிதக்கும். ஐந்தில் நாலைக் கப்பல் எடுத்துவிட்டது. நடுவில் போட்டதுதான் இல்லை. அது இல்லாவிட்டால் என் ஆய்வும் இல்லை, நாலு வருசம் கடலில் கரைத்த பெருங்காயம். போன வியாழன் தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு அழைப்பு வந்து, நான் “ஹலோ” சொன்னதும் துண்டித்துவிட்டது. யாருடைய இலக்கம் என்று விசாரித்துக்கொண்டு கிண்ணியாவுக்கு வந்திருக்கிறேன்.

“எந்த ஊர் நீங்க?”

“சம்பூர்.”

“சம்பூர்ப் பிள்ளைக்குக் கப்பல்காரனோட என்ன வேலை? சம்பளம் ஆரு தாற?”

எனக்கும் கோபம் வந்தது. இந்த மனுசன் கருவியை உப்புவெளி விடுதிக்காரன் எவனுக்காவது அலங்காரத்துக்கு விற்றிருப்பான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்தேன். ஆனாலும் பொறுமையாகச் சொன்னேன். இங்கிருந்து கிழக்கே, ஆழக்கடலில், சேற்றுக்கு அடியில் பழைய எரிமலைகள் வரிசையாகப் புதைந்து கிடக்கின்றன. கீழே கொதிக்கிற ஒரே இடத்துக்கு மேலால் தரை நகர நகர, ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தவை. அவற்றின் பாரத்தில் கடலடிப் பாறை வளைந்திருக்கிறது.

“மெத்தையில ஆள் இருந்தா இருக்கிற இடம் பதியும், பக்கத்தில கொஞ்சம் எழும்பும் எல்லோ நானா? அப்பிடித்தான். எவ்வளவு வளைஞ்சிருக்கு எண்டு தெரிஞ்சா, மலை வந்த நேரம் பாறை எவ்வளவு தடிப்பா இருந்தது எண்டு சொல்லலாம்.”

“மலைய நீங்க கண்டீங்களா?”

“இல்ல. சேத்துக்குள்ள இருக்கு.”

“வளைஞ்சதக் கண்டீங்களா?”

“அதையும் காண ஏலாது.”

“அப்ப ஆரும் காணாத மலை, ஆரும் காணாத வளைவு. அதுக்கு இவ்வளவு காசு செலவழிச்சுக் கடலுக்குள்ள சாமான் போட்டிருக்கிறாங்க.” அவர் சிரித்தார். “எனக்குக் காது குத்தாதீங்க தங்கச்சி.”

இத்தனை வருசத்தில் என்னை இப்படி மடக்கியவர் எவருமில்லை.

அவருடைய மனைவி றஹ்மா ராத்தா குசினி வாசலில் மாப் பிசைந்த கையோடு நின்றார். “சொல்லுங்களன் உள்ளத” என்றார் கணவனிடம். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். இரண்டாயிரத்து ஏழில் அவருடைய தம்பி நௌபர், கடலில் மிதந்த ரேடியோப் பெட்டி ஒன்றைக் கரைக்குக் கொண்டுவந்தானாம். கடற்படை பிடித்துக்கொண்டு போய், பதினொரு மாதம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தானாம். இந்தக் கருவியில் ‘ஆபத்தில்லாதது’ என்று எழுதியிருந்ததாம்.

“ஆபத்தில்லாத சாமானில ஆராவது அப்பிடி எழுதுவானா? நீங்க என்ன பாசை கதைக்கிறீங்க எண்டு பாக்கத்தான் கோல் எடுத்த. கமெரா இருக்கா எண்டு உடைச்சும் பாத்தனான். இல்ல. இது மட்டும் இருந்திச்சு.”

சட்டைப் பையிலிருந்து நகத்தளவு நினைவக அட்டையை எடுத்தார். பத்து மாதமும் அதற்குள் இருந்தது. கையை நீட்டினேன்.

“இதில எங்கட கதை ஒண்டும் விழுந்திராதே?”

உண்மையைச் சொல்லிப் பழகிய வாய். “கதை விழாது. மேலால போன போட்டுகளிட எஞ்சின் சத்தம் விழுந்திருக்கும்.”

நீட்டிய அட்டை திரும்பிப் போனது. “அப்ப நாங்க எங்க நிண்ட எண்டும் தெரியும்.”

“ஆருட போட் எண்டு தெரியாது நானா, சத்தியமா.”

அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அட்டையை உள்ளே எறியப்போகிறவர் போல எழுந்து கிணற்றடிப் பக்கம் நடந்தார். றஹ்மா ராத்தா குறுக்கே வந்து அவருடைய விரல்களை விரித்து அட்டையை எடுத்துக்கொண்டார். எனக்காகத்தான் என்று நினைத்தேன்.

“தங்கச்சி, இதில நாளும் நேரமும் இருக்குமா?”

“ஓம்.”

“மே மாசம் இருபத்திரண்டு நாள் இது கிடந்த அந்தப் பக்கம்தான் நிண்ட எண்டவர். ஒரு மீனில்லாம வந்தவர். அவர் அங்க நிக்காட்டி அதுவும் தெரியுமா?”

ஸுஹைர் நானா என்னைப் பார்த்தார். நான் வந்ததிலிருந்து முதல்முறையாக அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

றஹ்மா ராத்தா என் பக்கம் கையை நீட்டி விரித்தார். மா அப்பிய உள்ளங்கையில் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அவருடைய கண்கள் மட்டும் கணவனை விட்டு அசையவில்லை.