கத்தி வருது, வழி விடுங்க

எங்கள் ஹோட்டல் சமையலறையில் ஒரு சட்டம். கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரடி நகர்ந்தாலும் "கத்தி வருது!" என்று குரல் கொடுக்க வேண்டும். தலைமைச் சமையல்காரருக்கும் விலக்குக் கிடையாது. காய் நறுக்குகிற எனக்கு அது தூக்கத்தில்கூட வாயில் வரும்.

சாணை பிடிக்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த என் கத்தியை அன்று காலை காணோம். உறை மட்டும் கிடந்தது. தம்பி அதற்குள் படியிறங்கிவிட்டான். பள்ளிப் பையை முதுகில் மாட்டாமல் நெஞ்சோடு அணைத்திருந்தான். கத்தி அதற்குள்தான் இருக்க வேண்டும். போன வாரம்தான் பஸ் ஸ்டாப்பில் மூன்று பயல்கள் அவன் சட்டையைக் கிழித்து அனுப்பியிருந்தார்கள்.

கையைப் பிடித்து இழுத்தால் திமிறிக்கொண்டு ஓடுவான். பிடிவாதத்திலும் நான் அவனுக்கு அக்காதான். தெருவில் இறங்கி அவன் பின்னாலேயே நடந்தேன்.

"கத்தி வருது! வழி விடுங்க!"

பால் வாங்க வந்தவர்கள் ஒதுங்கினார்கள். ஜன்னல்கள் திறந்தன.

"அக்கா, மானத்த வாங்காத!"

"சட்டம்னா சட்டம்தான்டா. தூக்கிட்டு வந்தேல்ல, நீயே சொல்லு. சொல்ல வெக்கமா இருந்தா எதுக்குத் தூக்குற?"

"அவனுங்களும் வெச்சிருக்கானுங்க. நான் மட்டும் வெறுங்கையோட போய்ச் சாகணுமா?"

இடது ஆள்காட்டி விரலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். நுனி இல்லாத விரல்.

"இது அந்தக் கத்தி செஞ்ச வேலை. எனக்குச் சோறு போடுற கத்திதான். என் விரலுன்னு பாத்துச்சா? உன்னை மட்டும் பாக்குமா?"

அவன் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தான். கத்தி அலமாரிக்குள் போய்ப் பூட்டு விழும்வரை நான் வாயை மூடவில்லை.

பிறகு இருவரும் சேர்ந்தே பஸ் ஸ்டாப்புக்குப் போனோம். மூன்று பேரும் நின்றிருந்தார்கள்.

"என்னடா, துணைக்கு அக்காவா?" என்றான் அவர்களில் நெட்டையன்.

"ஆமா. வேற எதையும் எடுத்துட்டு வரல. இனிமேலும் எடுத்துட்டு வரமாட்டேன்." தம்பி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

நெட்டையன் சட்டைக்குள் கையை விட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

"கத்தி வருது! வழி விடுங்க!"

பஸ் ஸ்டாப்பே திரும்பியது. அத்தனை பேரும் நெட்டையனின் சட்டையையே பார்த்தார்கள். உள்ளே போன கை கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தது. வெளியே வந்தபோது வெறுங்கையாகத்தான் வந்தது.