சிறகில்லாத பதினொன்று

டின்னில் பதினொன்று இருந்ததாகத்தான் எனக்கு நினைவு. ஒன்பதாகவும் இருந்திருக்கலாம். ஸ்மிதாவைக் கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவாள். அவளிடம் போய் அதைக் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஆகையால் பதினொன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதக் கடைசி. கரமனை அக்ரஹாரத்தில், வண்டுகளை ஆராயும் ஸ்மிதாவின் வீட்டு மாடியறையில், மைக்ராஸ்கோப் இருந்த மேசைமேல் சத்தியநேசன் அந்த பிஸ்கட் டின்னை இரண்டு கையாலும் வைத்தார். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர். மூடியில் ஆணியடித்துக் காற்றுக்கு ஓட்டை போட்டிருந்தார். வழியெல்லாம் டின் அவர் மடியில்தான் வந்தது.

"செல்லபாய் கேக்கா டீச்சரே, என்னைய ஒருநாளாவது இப்படிப் பொத்திப் பொத்தி பஸ்ஸில கூட்டிட்டுப் போயிருக்கியளான்னு."

செல்லபாய் அவர் மனைவி. படித்த பெண்கள் எல்லாருமே அவருக்கு டீச்சர்தான். ஸ்மிதா சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாளாகியிருந்தது.

அவர் குடியிருந்த தோட்டத்து லயத்து வீட்டுக்கு மேலே ஒரு சின்னக் காட்டுத் துண்டு உண்டு. அங்கே மக்கிய இலைக்கடியில் பிப்ரவரியில் அவளுக்கு இரண்டு வண்டுகள் கிடைத்தன. நாலு மில்லிமீட்டர் நீளம், துரு நிறம். முதுகில் கால்பங்கை மட்டும் மூடும் குட்டை உறை. அதை ஊசிமுனையால் தூக்கினால் அடியில் சிறகே இல்லை. எந்த நூலிலும் இல்லாத வண்டு. ஆனால் இரண்டும் பெண். இந்த வகையில் ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல ஆணின் உறுப்பைப் பார்த்தாக வேண்டும். ஆண் இல்லாமல் எழுதினால் ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிவிடும்.

அந்தக் காட்டை வெட்டி, மேலே வரப்போகும் ஹோட்டலுக்கு ரோடு போடத் திட்டம். அனுமதி தருவது பற்றி ஜூலையில் விசாரணை. அதற்குள் வண்டு பெயரோடு அச்சேறிவிட்டால் நிறுத்தச் சொல்லிக் கேட்க ஒரு பிடி இருக்கும். பறக்காத வண்டு. வேறெங்கும் போய்ப் பிழைத்துக்கொள்ளாது.

மூடியைத் திறந்தாள். ஈர இலைகளைப் பாய் விரித்ததுபோல் அடுக்கியிருந்தார். தூரிகையால் ஓர் இலையை விலக்கினாள். துரு நிறத்தில் ஒரு முதுகுறை கிடந்தது. அடுத்த இலைக்கடியில் ஒரு தலை. பிறகு கால்கள். மூலையில் ஒன்று மட்டும் நகர்ந்தது. வயிறு பருத்திருந்தது. பெண்.

"எத்தனை எண்ணம் போட்டேள், அண்ணா?"

"பதினொண்ணு. மூணு வாரமாப் பொறுக்கினது. கொல்லப்பிடாது, உயிரோட வேணும்னு நீங்கதானே சொன்னிய?"

"எல்லாத்தையும் ஒண்ணாவா?"

"ஒரே குடும்பம்தானே டீச்சரே. தனியாக் கிடந்தா ஏங்கிப் போவும்லா..."

டின்னுக்குள் பார்த்தார். 

அது வேட்டையாடித் தின்னும் வண்டு. பசித்தால் கூட இருப்பதையே தின்னும். கல்லூரி நாளிலிருந்தே ஸ்மிதாவுக்கு அது தெரியும். வெயிலில் வைக்காதேங்கோ, ஈரம் காயாமல் பாத்துக்கோங்கோ என்று போனில் அத்தனையும் சொன்னவள் இதை மட்டும் சொல்லவில்லை. இப்போதும் சொல்ல வாய் வரவில்லை. தலைக்குமேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துணுக்காக எடுத்துப் பார்த்தாள். ஆணின் வால்நுனி இரண்டு கிடைத்தன. இரண்டும் உள்ளிருந்த உறுப்போடு குடைந்து தின்னப்பட்டு வெறும் கூடாக இருந்தன. சத்தியநேசன் நாற்காலி விளிம்பில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருக்கு வைத்த காப்பி ஆடை படிந்து ஆறியது.

நாலு மணிக்கு எழுந்தார். "நாளைக்கே போய்த் தேடுதேன்."

"மழை வரப்போறதே, அண்ணா."

"மழை என்ன, எனக்குப் புதுசா?"

ஜூன் முழுக்க நனைந்துகொண்டே தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. விசாரணையில் ஸ்மிதா பெண் வண்டுகளின் படத்தை நீட்டினாள்.

"இதின்டெ பேரெந்தா?" என்று மலையாளத்தில் கேட்டார் அதிகாரி.

"இட்டிட்டில்ல, சார்." இன்னும் பெயர் வைக்கவில்லை.

"பேரில்லாத்தவனு வேண்டியாணோ வக்காலத்து?"

பேரே இல்லாததற்கா வக்காலத்து என்று அவர் கேட்டதும் அறையே சிரித்தது. ஸ்மிதா படத்தைக் கோப்புக்குள் திரும்ப வைத்தாள்.

ஆகஸ்டில் சத்தியநேசன் மறுபடி வந்தார். கையில் ஹோமியோ மாத்திரைக் குப்பி. உள்ளே ஈர இலைத் துணுக்கும் ஒரு வண்டும்.

"ஒத்தையாத்தான் போட்டிருக்கேன்," என்றார்.

ஆண்தான்.

"எங்கேருந்து கிடைச்சது?"

"ஜேசிபி வாய்க்கு முன்னால. இனி அங்க தேடுறதுக்கு மண்ணு கிடையாது."

ஸ்மிதா குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். குப்பிக்குள் அது கண்ணாடியில் ஏறுவதும் வழுக்குவதுமாக இருந்தது.

"உங்க பேரையே வைக்கட்டுமா, அண்ணா?"

"வேண்டாம் டீச்சரே. சாகப்போறதுக்கா என் பேரு? செல்லபாய் அடிப்பா."

அன்று சாயங்காலம் ஸ்மிதா அதைக் கொன்றாள். உறுப்பைப் பிரித்தெடுத்து வரைந்தாள்.

கட்டுரை நவம்பரில் வந்தது. வண்டுக்குப் போனக்காட்டின் பெயர். அதற்குள் ரோட்டுக்குத் தார் போட்டாகிவிட்டது. டின்னில் தப்பிய பெண்ணை ஸ்மிதா கறையான் போட்டு வளர்த்தாள். அது பத்தொன்பது நாள் இருந்தது; ஆண் கிடைக்கும் முன்பே போய்விட்டது. ஆண் ஒன்றும் பெண் மூன்றும் அட்டைத் துண்டில் ஒட்டப்பட்டு மியூசியப் பெட்டியில் இருக்கின்றன. வேறு வண்டை யாரும் பார்க்கவில்லை. ஸ்மிதாவின் ஆராய்ச்சி வேலை மார்ச்சோடு முடிந்தது. இப்போது டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். செல்லபாய் அடுத்த மழையில் காய்ச்சல் கண்டு இறந்தார். சத்தியநேசன் நெடுமங்காட்டில் மகள் ஜினி வீட்டில் இருக்கிறார், மலைக்குப் போவதில்லை. ஹோட்டல் நடக்கிறது.