கட்டத்துக்குள் கம்பி

சாப்பாட்டு மேசையில் தாளை விரித்ததும் அப்பா எழுந்து போய்விடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் போகவில்லை. அவள் படிக்கும் குடும்பநல ஆலோசகர் படிப்பில், ஊருக்கு உபதேசம் செய்யும் முன் சொந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறையை வரைந்தாக வேண்டும். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். உயிரோடு இருந்தவரை ஓரிடத்தில் உட்காராத பெரியப்பாகூடக் கட்டத்துக்குள் சமர்த்தாக இருந்தார், மேலே ஒரு பெருக்கல் குறியோடு.

"அது என்ன குறி?"

"செத்தவங்களுக்குப்பா."

அம்மாவின் வட்டத்திலும் அதே குறி. அண்ணனின் கட்டத்தில் மட்டும் போட வேண்டியதை இன்னும் போடவில்லை. குடிபோதையில் அவன் பிடித்துத் தள்ளிய ஆள் திரும்ப எழுந்திருக்கவே இல்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் அப்பாவுக்கு ஒரே பதில்தான்: "எனக்கு ஒரே பொண்ணு." அடுத்த மாதம் அவனை ஜெயிலிலிருந்து விடுகிறார்கள். வீட்டுக்கு வரச் சொல்லலாமா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அம்மா இருந்திருந்தால் சண்டை போட்டாவது கேட்டிருப்பாள்.

"இவனுக்கும் பெருக்கலயே போடு."

"உயிரோட இருக்கறவனுக்கு எப்படிப்பா போடறது?"

"எனக்குச் செத்துட்டான்."

ஜெயிலுக்குப் போனவர்களுக்கு நெடுக்குக் கோடுகள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். கட்டம் கொள்ளாமல் நெருக்கி நெருக்கி இழுத்தாள். அண்ணனைத் தன் கையாலேயே உள்ளே தள்ளிப் பூட்டுவது போல வலித்தது.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஆயுசு முழுக்க ஜன்னல் கிரில் பற்றவைத்தவர். அண்ணனுக்கும் அவர்தான் பட்டறையில் தொழில் பழக்கினார்.

"வெளிய வந்தப்புறம் இத அழிச்சிடலாமா?"

"கூடாதுப்பா. எந்த வருஷம் போனான், எப்ப வந்தான்னு பக்கத்துல எழுதலாம். கோடு அப்படியேதான் இருக்கும்."

அவர் ரப்பரை எடுத்தார். ஒரு கோடு விடாமல் அழித்தார். பெருக்கல்தான் போடப்போகிறார் என்று அவள் நினைத்தாள்.

சட்டைப்பையிலிருந்து இரும்பு ஸ்கேலை உருவி, கட்டத்தின் அகலத்தை அளந்தார். சமமாக இடம்விட்டுப் புள்ளி வைத்து, மூன்றே கோடுகளை நேராக இறக்கினார்.

"இவ்ளோ நெருக்கியா வைப்பாங்க?" என்றார், தாளை விட்டு நிமிராமல். "காத்து வர வேணாமா அவனுக்கு?"

ரப்பர் துகள்களை ஊதிவிட்டார். எல்லாம் போன பிறகும் அந்தக் கட்டத்தின் மேல் ஊதிக்கொண்டே இருந்தார்.