முதலாளியின் தொப்பை

ஸ்ப்ரே டப்பாவைக் கீழே வைப்பதற்குள் முதலாளியின் தொப்பை உள்வாங்கத் தொடங்கிவிட்டது. முதலில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு குழி. ஊதினால் நின்றுவிடுமோ என்று தம்பிக்காரன் வாயால் ஊதிப் பார்த்தான். நிற்கவில்லை. சூடான சட்டியில் விழுந்த வெண்ணெய் போலத் தெர்மாகோல் இளகி, உள்ளே ஒரு முட்டையை வைக்கலாம் என்னும் அளவுக்குக் குழி பெரிதானது.

"முடிஞ்சுதாடா?" அறைக்குள்ளிருந்து அக்கா கேட்டாள். மூச்சு இயந்திரத்தின் இரைச்சலைத் தாண்டி அந்தக் குரல் பால்கனிக்கு வந்து சேர்வதே பெரும்பாடு.

"காயுதுக்கா" என்றான்.

ஊரில் பாதிக் கார்களுக்குப் பெயிண்ட் அடித்த கை அது. இப்போது ஒரு சாண் உயரப் பொம்மையிடம் தோற்றுக்கொண்டிருந்தது.

பொம்மை என்று சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும். அது அரக்கன். சனிக்கிழமைதோறும் அவளுடைய கூட்டாளிகள் நான்கு பேர் வந்து மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஆளுக்குக் கட்டைவிரல் உயரத்தில் ஒரு வீரன். அட்டையில் வரைந்த கோட்டைக்குள் பகடை உருட்டி முன்னேறுவார்கள். எதிரே நிற்கும் பூதங்களையெல்லாம் செய்வதும் ஆட்டிவைப்பதும் அக்காதான். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பழகிய விரல்கள்; குப்பைக்குப் போகிற எதையும் விடமாட்டாள். மூச்சு இயந்திரம் வந்த பெட்டியிலிருந்த தெர்மாகோலைக்கூடப் படுத்தபடியே நகம் தேய்க்கும் அரத்தால் செதுக்கி, பழைய சீப்பின் பற்களை வாயில் செருகி, இந்த அரக்கனைச் செய்துவிட்டாள். தொப்பை மட்டும் அச்சு அசல் அவளுடைய கடை முதலாளியுடையது. அதைச் செதுக்கும்போது சிரித்துச் சிரித்தே இருமல் வந்து மாமாவிடம் திட்டு வாங்கினாள்.

"காருக்கு அடிக்கிற பெயிண்டையே அடிடா. பளபளன்னு இருக்கணும்" என்று கேட்டதும் அவள்தான். "ஆனா முதல்ல பசையப் பூசு. அது நல்லா காய்ஞ்சப்புறம் அடி. இல்லேன்னா பெயிண்ட் தெர்மாகோலை அரிச்சிடும்."

பசை நன்றாகக் காய ஓர் இரவு வேண்டும். காலையில் டாக்டர் வந்து மாமாவைத் தனியே அழைத்துப் பேசிவிட்டுப் போனார். அதன் பிறகு, ஓர் இரவு கையில் இருக்கிறதா என்றே அவனுக்குப் பயம் வந்துவிட்டது. தொட்டால் தொப்பைப் பக்கம் இன்னும் பிசுபிசுத்தது. பரவாயில்லை என்று அடித்துவிட்டான்.

இப்போது வேறு வழி தெரியாமல், கார் நசுங்கலை நிரப்பப் பூசும் புட்டிக் களிம்பை எடுத்து அப்பினான். அதுவும் தெர்மாகோலை அரிக்கும் என்பது புத்தியில் உறைப்பதற்குள் விலாவும் சேர்ந்து உள்ளே போனது.

மாமா பால்கனி வாசலில் வந்து நின்றார். அரக்கனைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"கேட்டுக்கிட்டே இருக்கா மாப்ள. பாதி மயக்கத்துலயும் அதே பேச்சுதான்."

"இன்னும் கொஞ்ச நேரம் மாமா. பேப்பரை ஊறவச்சு அடைச்சிடறேன்."

"சனிக்கிழமையாச்சே, சாயங்காலம் அவங்கல்லாம் வந்துடுவாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

செய்தித்தாளைக் கிழித்துப் பசையில் நனைத்துக் குழிக்குள் திணித்தான். அது தொப்பையாக வரவில்லை. கட்டுப் போட்ட புண் மாதிரி இருந்தது. அவள் இத்தனை நாள் மூச்சைப் பிடித்துச் செய்ததை ஒரு நொடியில் பாழாக்கிவிட்டான்.

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். அக்காவின் முகம் தலையணைக்குள் சிறுத்துக் கிடந்தது.

"தொப்பை எப்படி வந்திருக்கு?"

"சூப்பரா வந்திருக்குக்கா. உன் முதலாளி பார்த்தா கேஸ் போட்டுடுவாரு."

அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. மெல்ல முகர்ந்தாள். உருகிய பிளாஸ்டிக்கின் நெடி அவன் கையோடு அறைக்குள் வந்திருந்தது. எத்தனை பூதங்களைச் செய்தவள், அவளுக்கா அந்த நெடி தெரியாது? அவனால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

"அவசரப்படாத" என்றாள். "நல்லா காயட்டும்."

திரும்பி வந்து ஹேர் டிரையரைப் போட்டான். காகிதத்தின் ஓரம் காய்ந்து நிமிர, விரலால் அழுத்தி அழுத்தி வளைவு கொண்டுவரப் பார்த்தான். மாமா கூப்பிட்டது அந்த இரைச்சலில் கேட்கவில்லை. அவர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் டிரையரை நிறுத்தினான். வீட்டில் வேறு எந்தச் சத்தமும் இல்லை. மூச்சு இயந்திரத்தையும் யாரோ அணைத்திருந்தார்கள்.

சாயங்காலம் கூட்டாளிகள் நான்கு பேரும் வந்தார்கள். அக்காவைப் பார்த்துவிட்டு, எங்கே போவதென்று தெரியாமல் பழக்கத்தில் அந்த மேசையைச் சுற்றியே உட்கார்ந்தார்கள்.

"அதை... முடிச்சிட்டாங்களா?" என்று கேட்டார் அவர்களில் ஒருவரான பேக்கரிக்காரர். சங்கடத்தோடுதான் கேட்டார்.

அவன் எழுந்து போய் அரக்கனைக் கொண்டுவந்து, குழி சுவரைப் பார்க்கும்படி மேசைமேல் வைத்தான். முதுகு புதுக் கார் மாதிரி மின்னியது. மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னமா பண்ணியிருக்காங்க" என்று பேக்கரிக்காரர் அதைத் திருப்பிப் பார்க்கக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க" என்றான். "இன்னும் காயல."